காலில் போடும் ஊசி: அது என்ன செய்யும், என்ன செய்யாது?



கொழுந்தைப் பறிப்பது கைதான். ஆனால் அந்தக் கையை மலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கால். பெரட்டுக்குப் போவதும் கால், நிரை ஏறுவதும் கால், கூடையோடு கொழுந்து மடுவத்துக்கு இறங்குவதும் கால். அந்தக் கால் வலித்தால் அன்றைய பேரும் போய்விடும். அதனால்தான் டிஸ்பென்சரி வாசலில், "ஐயா, ஒரு ஊசியப் போட்டு விடுங்க, நாளைக்கு மலைக்குப் போகணும்" என்ற பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம்.

ஊசி கேட்பது தவறில்லை. ஆனால் எந்த ஊசி, எதற்காக, போட்ட பிறகு காலை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தெரியாமல் கேட்பதால்தான் தொல்லை வருகிறது. வலி நிற்பது வேறு, வருத்தம் குணமாவது வேறு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இம்முறை விளக்கிச் சொல்ல விரும்புகிறோம்.

எல்லா ஊசியும் ஒரே ஊசி அல்ல

கால் வலி என்று போகிறவர்களுக்குப் பொதுவாக மூன்று விதமான ஊசிகளில் ஒன்று போடப்படுகிறது. நாம் மூன்றையும் "வலி ஊசி" என்றே சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, இடுப்புக்குக் கீழே சதையில் போடும் வலி ஊசி. டைக்ளோபெனாக் என்ற மருந்து இதில் அதிகம் பாவிக்கப்படுகிறது. இது இரத்தத்தோடு கலந்து உடம்பு முழுவதும் போகும். காலுக்கென்று தனியாக எதுவும் செய்யாது. வயிற்றுப்புண், சிறுநீரக வருத்தம், இருதய வருத்தம் உள்ளவர்களுக்கு இது கேடு செய்யலாம். ஆஸ்துமாக்காரர் சிலருக்கு இழுப்பும் வரலாம்.

இரண்டாவது, வலிக்கும் இடத்தை மாத்திரம் மரக்க வைக்கும் ஊசி. சிலர் இதை விறைப்பூசி என்பார்கள். பல்லுப் பிடுங்கும்போது போடுவார்களே, அதே மருந்துதான்.

மூன்றாவது, வீக்கத்தையும் வேக்காட்டையும் தணிக்க, வலிக்கும் இடத்திலேயே போடும் ஸ்டீரோயிட் ஊசி. குதிகால் வலிக்கும் மூட்டு வலிக்கும் போடுவது பெரும்பாலும் இதுதான்.

மரக்க வைக்கும் ஊசி எப்படி வேலை செய்கிறது?

காலில் முள் ஏறினால் அந்தச் செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. மூளை அறிந்த பிறகுதான் நமக்கு வலிக்கிறது. நரம்பை ஒரு டெலிபோன் கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பியில் செய்தி ஓட வேண்டுமென்றால், நரம்பின் சுவரில் உள்ள நுண்ணிய வாசல்கள் வழியாக சோடியம் என்ற உப்பு உள்ளே போக வேண்டும். மரப்பு மருந்து அந்த வாசல்களை அடைத்து விடுகிறது. முள் ஏறிய இடத்தில் காயம் அப்படியே இருக்கிறது. செய்திதான் மேலே போவதில்லை.

இதில் நமது நாட்டில் அதிகம் பாவிக்கப்படுவது லிக்னோகெயின். லிடோகெயின் என்பதும் இதுவே. சுவீடன் நாட்டு விஞ்ஞானி நில்ஸ் லோஃப்கிரென் 1943இல் இதைத் தயாரித்தார். 1948இல் இது விற்பனைக்கு வந்தது. இன்றுவரை உலகம் முழுவதும் வைத்தியர்கள் தினந்தோறும் எடுக்கும் மருந்து இது.

ஊசி போட்டுச் சில நிமிடங்களில் இடம் மரக்கத் தொடங்கும். ஒன்று முதல் இரண்டு மணித்தியாலம் வரை நிற்கும். பியூபிவகெயின் என்ற இன்னொரு மருந்து மரப்பதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும், ஆனால் பல மணித்தியாலம் நிற்கும். காலையில் போட்டால் சிலருக்கு இரவு வரைக்கும் கால் மரத்தபடியே இருக்கலாம். பயப்படத் தேவையில்லை.

மருந்து உள்ளே போகும்போது கொஞ்சம் எரியும். பிறகு வலி தெரியாது. ஆனால் தொடுவதும் அழுத்துவதும் ஓரளவு தெரியும். "ஐயோ, எனக்கு இன்னும் மரக்கல்ல" என்று பதற வேண்டாம். அழுத்துவது தெரியுதா, வலி தெரியுதா என்று பிரித்துச் சொல்லுங்கள். வலி தெரிந்தால் வெட்கப்படாமல் உடனே சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது வீரமல்ல.

காலில் எங்கே போடுவார்கள்?

கால்விரல் ஒன்றுக்கு மாத்திரம் வேலை என்றால், விரலின் அடியில் இரண்டு பக்கமும் போடுவார்கள். சதைக்குள் வளர்ந்த நகத்தை எடுக்க இதுவே போதும். காலில் ஏறிய கண்ணாடித் துண்டை எடுக்க, கத்தி பட்ட காயத்துக்குத் தையல் போட என்றால், காயத்தைச் சுற்றிப் போடுவார்கள். பாதம் முழுவதும் மரக்க வேண்டுமானால், பாதத்துக்குப் போகும் 5 நரம்புகளையும் கணுக்காலைச் சுற்றி வைத்தே மரக்க வைக்கலாம். ஆளை மயக்காமலே பாதத்தில் பல ஒபரேஷன்களைச் செய்ய இது உதவுகிறது. நெஞ்சு வருத்தம், முட்டு உள்ள வயசானவர்களுக்கு முழு மயக்கத்தைவிட இது பல வேளைகளில் நல்லது.

சீழ் பிடித்த இடத்தில் மாத்திரம் இந்த மருந்து சரியாகப் பிடிக்காது. அழற்சியுள்ள சதையில் புளிப்புத் தன்மை கூடிவிடுவதால் மருந்து நரம்புக்குள் போவது குறைகிறது. நகச்சுற்று முற்றிச் சீழ் கட்டும்வரை காத்திருந்தவர்களுக்குத்தான், "ஊசி போட்டும் உயிர் போயிடுச்சு" என்ற அனுபவம். நேரத்தோடு போனால் வலியும் குறைவு, வெட்டும் சிறிது.

உங்கள் நிறையை ஏன் கேட்கிறார்கள்?

இந்த மருந்து ஒருவருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது உடம்பின் நிறையைப் பொறுத்தது. கலப்பில்லாத லிக்னோகெயின் என்றால், கிலோ ஒன்றுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்ப்பது வைத்தியர்களின் வழமை. 40 கிலோ உள்ள ஒரு பெண்ணுக்கு அது 120 மில்லிகிராம். 1 வீதக் கரைசலில் 12 மில்லிலீற்றர். ஒரு விரலுக்கு 2 முதல் 4 மில்லிலீற்றர் இருந்தாலே போதும் என்பதால் சாதாரணமாக ஆபத்தில்லை. பிள்ளைகளுக்கும் மெலிந்தவர்களுக்கும்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

அளவு கூடினாலோ, மருந்து நேராக இரத்தக் குழாய்க்குள் போனாலோ, நாக்கும் உதடும் மரக்கும், வாயில் உலோகச் சுவை வரும், காது இரையும், தலை சுற்றும். வலிப்பும் வரலாம். இப்படி ஏதாவது தோன்றினால் அந்த இடத்திலேயே வாய் திறந்து சொல்லுங்கள். உடனே கவனித்தால் காப்பாற்ற வழி இருக்கிறது. இதனால்தான் அவசரத்துக்குப் பார்க்கும் வசதி இல்லாத இடங்களிலும், யாரென்று தெரியாதவர் கையிலும் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது என்கிறோம்.

மரத்த காலுக்குக் காவல் வேண்டும்

வலி நமக்குப் பிடிக்காத காவல்காரன். ஆனால் காவல்காரன்தான். கால் மரத்திருக்கும் நேரத்தில் அந்தக் காவல் இல்லை. சுடுதண்ணீர் சுட்டாலும் தெரியாது, அடுப்புக் கட்டை பட்டாலும் தெரியாது, கண்ணாடி குத்தினாலும் தெரியாது. ஆகவே உணர்வு திரும்பும்வரை:

சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்க வேண்டாம். அடுப்படியில் காலை நீட்டிக் குளிர் காய வேண்டாம். வெறுங்காலோடு நடக்க வேண்டாம். லயத்துப் படியிலும் மலைப் பாதையிலும் துணையில்லாமல் இறங்க வேண்டாம், கால் எங்கே வைக்கிறோம் என்றே தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.

குதிகால் வலி என்றால் என்ன?

இனி நமது தோட்டங்களில் அதிகம் கேட்கும் வருத்தத்துக்கு வருவோம். விடிய எழும்பி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி அடித்த மாதிரி இருக்கும். பத்து அடி நடந்தால் கொஞ்சம் இளகும். பகல் முழுவதும் நின்று வேலை செய்த பிறகு பின்னேரம் திரும்பவும் பிடிக்கும். இதைக் குதிவாதம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள்.

குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிவரை, உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. வில்லுக்கு நாண் போல அது பாதத்தின் வளைவைத் தாங்கிப் பிடிக்கிறது. நாள் முழுவதும் நிற்பது, சரிவில் பாரத்தோடு ஏறி இறங்குவது, தேய்ந்த செருப்பு, வெறுங்கால், உடம்புப் பாரம் கூடுவது எல்லாம் சேர்ந்து, அந்த நார் குதிகாலோடு ஒட்டும் இடத்தில் நைந்து போகிறது. அதுதான் வலி.

எக்ஸ்ரே எடுத்தவர்கள் சிலர், "எலும்பு வளந்திருக்காம், அதை வெட்டணுமாம்" என்று பயந்து போகிறார்கள். குதிகாலில் அப்படி எலும்பு நீண்டிருந்தும் வலியே இல்லாதவர்கள் ஏராளம். வலிக்குக் காரணம் பெரும்பாலும் நார்தான், எலும்பல்ல. இந்த வலி பெரும்பாலானவர்களுக்கு வெட்டுக்கொத்து இல்லாமலே 6 முதல் 12 மாதத்துக்குள் தணிந்துவிடும். ஆனால் அதற்கு நம்முடைய பங்கும் வேண்டும்.

குதிகாலுக்குப் போடும் ஸ்டீரோயிட் ஊசி

அமெரிக்காவில் பிலிப் ஹென்ச் என்ற வைத்தியரும் அவருடன் இருந்தவர்களும் 1948இல் கோர்ட்டிசோன் என்ற மருந்தை மூட்டு வாதத்துக்கு முதன்முதலில் கொடுத்துப் பார்த்தார்கள். 1950இல் அதற்காக நோபல் பரிசும் கிடைத்தது. இன்று மூட்டிலும் குதிகாலிலும் போடும் ஸ்டீரோயிட் மருந்துகள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

குதிகாலில் பாதத்தின் உட்பக்கமாக ஊசியை விட்டு மருந்தைப் போடுவது வழக்கம். குதிகால் ஊசி வலி கூடியது என்பதால், கணுக்காலின் உட்பக்கத்து நரம்பை முதலில் மரக்க வைப்பதும் உண்டு. சில பெரியாஸ்பத்திரிகளில் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே போடுவார்கள்.

இங்கேதான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இருக்கிறது. ஸ்டீரோயிட்டோடு லிக்னோகெயினையும் கலந்து போடுவது வழக்கம். ஊசி போட்டு எழும்பியதும் வலி பறந்துவிடும். "கை வச்ச மாதிரி போயிடுச்சு" என்று சந்தோஷமாக வீட்டுக்கு நடந்தே வருவார்கள். அது லிக்னோகெயின் செய்த வேலை. இரண்டு மணித்தியாலத்தில் அது இறங்கியதும் வலி திரும்பும், ஓரிரு நாளைக்கு முன்னையவிடக் கூடவும் செய்யலாம். ஸ்டீரோயிட் தன் வேலையைக் காட்டச் சில நாட்கள் எடுக்கும். ஆகவே முதல் நாள் சுகத்தைப் பார்த்துக் குணமாகிவிட்டது என்று நினைப்பதும் பிழை, இரண்டாம் நாள் வலியைப் பார்த்து ஊசி பலிக்கவில்லை என்று நினைப்பதும் பிழை.

இந்த ஊசியின் பலன் எவ்வளவு காலம்? பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஒரு பரிசீலனை, வலி குறைவது ஏறக்குறைய ஒரு மாதம் வரைதான் தெரிகிறது, அதற்குப் பிறகு ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று காட்டியது. அதாவது ஊசி நமக்கு ஒரு மாதத் தவணை வாங்கித் தருகிறது. அந்த ஒரு மாதத்தில் காலுக்குப் பயிற்சி கொடுத்து, நல்ல செருப்புப் போட்டு, பாரத்தைக் குறைத்தால் அந்தத் தவணை பயன்படும். பழையபடி பாரத்தோடு மலை ஏறினால், தவணை முடிந்ததும் வலி வட்டியோடு வந்து நிற்கும்.

ஊசியால் வரக்கூடிய கேடுகள்

அடிக்கடி போட்டால் குதிகாலின் அடியிலுள்ள கொழுப்பு மெத்தை கரைந்து போகலாம். அது போனால் எலும்பே தரையில் படுவது போலிருக்கும், அதைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம். நைந்த நார் அறுந்து போகவும் கூடும். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்து மெலிவதும் உண்டு. அரிதாக உள்ளே கிருமி சேரும். அதனால்தான் ஒரே இடத்தில் ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் போட வைத்தியர்கள் தயங்குகிறார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் மறுத்தால் இன்னொரு இடத்தில் போய் முன்பு போட்டதை மறைத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஏமாறுவது வைத்தியர் அல்ல, உங்கள் கால்.

குதிகாலுக்குப் பின்னால், கெண்டைக்காலிலிருந்து இறங்கும் தடித்த நரம்பு போன்ற தசைநாண் இருக்கிறதல்லவா, அங்கே வலித்தால் ஸ்டீரோயிட் ஊசி கேட்கவே வேண்டாம். அந்த நாணுக்குள் ஊசி போட்டால் அது பலவீனமாகி அறுந்துவிடும் ஆபத்து இருக்கிறது. நடக்கும்போது யாரோ பின்னால் உதைத்தது போல் திடீரென்று அடித்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால், எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் கவனிக்க

ஸ்டீரோயிட் ஊசி போட்ட பிறகு சில நாட்களுக்கு, சிலருக்கு ஒரு வாரம் வரைகூட, இரத்தத்தில் சீனி ஏறும். வழமையான மருந்தை விடாமல் எடுத்து, இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். தாகம் கூடி, சிறுநீர் அதிகம் போனால் உடனே காட்டுங்கள்.

இன்னொன்று. சீனி வருத்தம் நாட்பட்டால் ஊசி போடாமலே கால் மரத்துப் போகும். "எனக்கு இப்ப கால் வலியே இல்ல" என்று ஒரு நாட்பட்ட சீனிக்காரர் சொன்னால் அது நல்ல செய்தி அல்ல. தினமும் இரவில் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். காலில் புண் இருந்தால் ஊசி கேட்கும் முன் புண்ணைக் காட்டுங்கள்.

ஊசிக்கு முன் நீங்கள் சொல்ல வேண்டியவை

சீனி, பிரஷர், இருதய, சிறுநீரக வருத்தங்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கும் மாத்திரை. முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனது. பல்லுக்கு ஊசி போட்டபோது என்ன நடந்தது என்பது. கர்ப்பமாக இருப்பது. காய்ச்சல், காலில் புண். இதே இடத்தில் முன்பு போட்ட ஊசி, போட்ட மாதம். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு போங்கள். இரும்போ ஆணியோ குத்தின காயம் என்றால் ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பதையும் சொல்லுங்கள். மரப்பு ஊசி ஏற்பு நோயைத் தடுக்காது.

நீங்கள் கேட்க வேண்டியவையும் உண்டு. "ஐயா, இது மரக்கிற ஊசியா, வீக்கத்துக்குப் போடுற ஊசியா? எத்தனை நாளைக்கு நிற்கும்? எப்ப வேலைக்குப் போகலாம்?" இந்த மூன்று கேள்வியும் உங்கள் உரிமை. தமிழ் தெரியாத வைத்தியராக இருந்தால், கொப்பியில் ஊசியின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஊசிக்கு முன்னும் பின்னும் வீட்டிலேயே செய்யக்கூடியது

விடிய எழும்பியதும் காலைத் தரையில் வைக்க முதல், படுக்கையில் இருந்தபடியே வலிக்கும் காலைத் தூக்கி மற்றத் தொடையின் மேல் வையுங்கள். கையால் விரல்களைப் பிடித்து முன்னங்கால் பக்கம் மடக்குங்கள். உள்ளங்கால் நார் நாண் போல் விறைக்க வேண்டும். 10 எண்ணும்வரை பிடியுங்கள். இப்படி 10 தடவை, நாளைக்கு மூன்று வேளை. காசு செலவில்லாத இந்தப் பயிற்சி தொடர்ந்து செய்தவர்களுக்கு நல்ல பலன் தந்திருக்கிறது.

சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகால் தரையில் படும்படி முன்னே சாய்ந்து கெண்டைக்காலை நீட்டுங்கள். குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய போத்தலை உள்ளங்காலால் உருட்டுங்கள். மலைக்கு மாத்திரமல்ல, சீமெந்துத் தரையிலும் மெத்தையுள்ள செருப்புப் போடுங்கள். குதி தேய்ந்த சப்பாத்தை மாற்றுங்கள். பல வாரம் பொறுமை வேண்டும். இவற்றைச் செய்தும் சில மாதங்களாகக் குறையாதவர்களுக்குத்தான் ஊசியைப் பற்றி யோசிப்பார்கள்.

"அதெல்லாம் சரி, பேர் போகுதே?"

இந்தக் கேள்வி நியாயமானது. அடுப்பு எரிய வேண்டும், பிள்ளைக்குக் கொப்பி வாங்க வேண்டும். ஆனால் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். ஸ்டீரோயிட் ஊசிக்குப் பிறகு இரண்டு நாளாவது காலுக்கு ஓய்வும், சுமார் இரண்டு வாரத்துக்குப் பாரம் சுமக்காமலும் குதிக்காமலும் இருப்பதுமே பொதுவாகச் சொல்லப்படும் ஆலோசனை. மறுநாளே மலை ஏறி நார் அறுந்தால், போவது இரண்டு நாள் பேரல்ல, மாதக்கணக்கான பேர்.

ஆகவே ஊசி போடும் நாளை முன்கூட்டியே திட்டமிடுங்கள். வைத்தியரிடம் ஓய்வுக்கு எழுத்தில் துண்டு கேளுங்கள். வெளிக்கள உத்தியோகத்தரிடம் அதைக் கொடுத்து, சில நாளைக்குச் சரிவில்லாத இடத்தில் வேலை தர முடியுமா என்று கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமென்றால் தலைவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: மலையிலிருந்து வந்த பெண் திரும்பவும் தண்ணிக் குடம் தூக்கி, விறகு சுமந்தால் அது ஓய்வல்ல. அந்த இரண்டு வாரம் குடத்தை நீங்கள் தூக்குங்கள்.

இவை இருந்தால் தாமதிக்காதீர்கள்

ஊசி போட்ட இடம் சிவந்து, சூடாகி, வலி நாளுக்கு நாள் கூடுதல். காய்ச்சல், குளிர் நடுக்கம். சீழ் வடிதல். ஒரு நாள் கழிந்தும் மரப்பு இறங்காமை. காலை ஊன்ற முடியாத திடீர் வலி. இவற்றுக்கு அன்றைக்கே டிஸ்பென்சரிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டும். மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், வலிப்பு, மயக்கம் என்றால் உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் பெயரையும், வாகனம் வரக்கூடிய பாதையையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஊசி நல்ல மருந்து. வலியில்லாமல் நகம் எடுக்கவும், தையல் போடவும், தாங்க முடியாத குதிவலியில் மூச்சு விடவும் அது உதவுகிறது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். காலைக் குணமாக்குவது ஓய்வும், பயிற்சியும், நல்ல செருப்பும், நேரத்தோடு காட்டுவதும்தான். இந்தப் பக்கத்தைப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் ஆத்தாவுக்கும் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள். விரலை மடக்கும் அந்தப் பயிற்சியை இன்றைக்கு ராத்திரியே சேர்ந்து செய்து பாருங்கள்.